படம் பிடித்தபின் பென்சில் எதற்கு?

பழைய கோயிலையோ, அரண்மனையையோ, அதைச் சூழ்ந்த தோட்டத்தையோ காணப் பிரயாணம் செய்கிறவர்கள், அங்கே மரநிழலில் அமர்ந்து எதிரே நிற்கும் கட்டடத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டிருக்கும் ஒருவரைக் கண்டால், இரண்டு அபிப்பிராயங்களில் ஒன்றைக் கொள்வது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. கைப்பேசியில் ஒரு நொடியில் முடிகிற காரியத்துக்கு ஒரு மணி நேரத்தைச் செலவிடுகிறாரே, பாவம், வேறு வேலை இல்லாதவர் போலும் என்று இரங்குவது ஒன்று. இவர் பிறவிக் கலைஞர், நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று வியந்து நகர்வது மற்றொன்று. இரக்கமும் வியப்பும் எதிரெதிரானவையாகத் தோன்றினாலும் இரண்டும் பிறந்த இடம் ஒன்றே. வரைவது என்பது படம் ஒன்றைச் சம்பாதிப்பதற்கான உபாயம் என்று இரு சாராரும் சிறிதும் சந்தேகமின்றி நம்புகிறார்கள். அப்படி நம்பிவிட்டால், நல்ல படத்தை விரைவாகத் தரும் யந்திரம் சட்டைப்பையில் இருக்கும்போது, மட்டமான படத்தை மெதுவாகத் தரும் கையை நாடுவது மடமையாகவோ மேதைமையாகவோதான் இருக்க முடியும். வேறு காரணம் எதற்கும் இடமில்லை.

இந்த நம்பிக்கையை மறுக்கவே இதை எழுதுகிறேன். ஆனால் மறுக்கப் புகுமுன், என் கட்சியைச் சேர்ந்தவர்களாகத் தங்களை எண்ணிக்கொள்ளும் சிலரிடமிருந்து விலகி நின்றுகொள்ள வேண்டியிருக்கிறது. யந்திரம் உள்ளதைக் காட்டும், கையோ உணர்ந்ததைக் காட்டும். புகைப்படத்தில் உண்மை இருக்கிறது, சித்திரத்தில் உள்ளம் இருக்கிறது என்று இவர்கள் மிருதுவான குரலில் சொல்லுவார்கள். கேட்க இனிமையாக இருக்கும் இந்த வாதம், சொத்து முழுவதையும் எதிர்க்கட்சிக்குத் தானசாசனம் எழுதிக் கொடுத்துவிட்டு, உணர்ச்சி என்ற ஒரு மூலையை மட்டும் ஜீவனாம்சமாகப் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகிற வாதம். எனக்கு ஜீவனாம்சம் வேண்டாம்; உண்மையில்தான் பங்கு கேட்கிறேன். ஒரு புராதனக் கட்டடத்தைப் பற்றி அறியத்தக்க விஷயங்களில் பெரும்பகுதியை அதை வரைய முயன்றவன் அறிகிறான், படம் பிடித்துப் போனவன் அறிவதில்லை. வரைந்த படம் அலங்கோலமாக அமைந்தாலும் இந்த நிலைமை மாறுவதில்லை என்பதே என் கட்சி.

தஞ்சைப் பெரிய கோயிலையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முன்னது 1010-ஆம் ஆண்டில் இராஜராஜன் முடித்தது. பின்னது ஏறக்குறையக் கால் நூற்றாண்டு கழித்து அவன் மகன் இராஜேந்திரன் எழுப்பியது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்தவர்களிடம், இரண்டு விமானங்களுக்கும் என்ன வேற்றுமை என்று கேட்டுப் பாருங்கள். தஞ்சாவூர் விமானம் பெரியது, மற்றது சற்றுச் சிறியது என்பார்கள். அவர்களுடைய கைப்பேசிகளில் இரண்டின் படங்களும் டஜன் கணக்கில் இருக்கும். சரியான விடையும் அந்தப் படங்களுக்குள்ளேயே இருக்கும். கேள்விதான் அவர்களுக்குத் தோன்றியிராது.

இனி, வரையத் தெரியாத ஒருவன் தஞ்சைக் கோயில் பிராகாரத்தின் தென்மேற்கு மூலையில் உட்கார்ந்து வரையத் தொடங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் கோட்டிலேயே அவனுக்குச் சங்கடம் உண்டாகிறது. விமானம் அடியிலிருந்தே கூம்பாகச் சரிந்து எழுகிறது என்று அவன் இத்தனை காலம் எண்ணியிருந்தான். ஆகவே பென்சில் சரிவாகக் கிளம்புகிறது. எதிரே உள்ள கல்லோ செங்குத்தாக நிற்கிறது. மேலும் கீழுமாக இரண்டு வரிசைக் கோஷ்டங்களைத் தாங்கிய இரண்டு தளத்துச் சுவர், சாய்வு என்பதே இல்லாமல் நேராக எழுந்த பிறகுதான், அடுக்கடுக்கான குறுக்கம் ஆரம்பமாகிறது. ஏன் இரண்டு தளம் நேராக எழ வேண்டும் என்ற கேள்வி, போட்ட கோட்டை அழித்து மறு கோடு போடும் அந்தக் கணத்தில்தான் அவனுக்குப் பிறக்கிறது. உள்ளே கருவறையைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நடைவழிகள் இருக்கின்றன. கீழ்வழியில் சோழர் கால ஓவியங்கள். மேல்வழியில் நாட்டிய கரணச் சிற்பங்கள், 108-இல் 81 மட்டுமே செதுக்கி முடிக்கப்பட்டவை. வருகிறவர்கள் எல்லோரும் அங்கே புகுந்து பார்த்துவிட முடியாது. புகாமலே, வெளிச்சுவர் நிற்கிற நிலையிலிருந்து உள்ளே ஏதோ இரண்டு அடுக்காக இருக்க வேண்டும் என்று ஊகிக்கிற இடத்துக்கு அவனை ஒரு தப்புக் கோடு கொண்டுவந்து சேர்க்கிறது. தப்பாகாத படம் இந்த உபகாரத்தைச் செய்யாது.

அந்தக் கையோடு அவன் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போகிறான். தஞ்சையில் பழகிய கை, விமானத்தின் விளிம்பை உச்சியிலிருந்து நேர்கோடாக இறக்கப் பார்க்கிறது, கண் ஒப்பவில்லை. இங்கே விளிம்பு உள்வாங்கி வளைகிறது. மூலைகள் பின்வாங்கிக்கொண்டு, சதுரம் மேலே போகப் போகத் தன் கூர்மையை இழக்கிறது. தளங்களை எண்ணினால் தஞ்சையின் பதின்மூன்றுக்கு இங்கே ஒன்பதுதான். தந்தையின் கோயிலைப் பெயர்த்து வைத்தாற்போல் மகன் கட்டினான் என்று மேம்போக்காகச் சொல்லப்படுவது எவ்வளவு பிசகு என்பதை அவன் எந்தப் புத்தகத்தையும் திறக்காமலே தெரிந்துகொள்கிறான். தஞ்சை விமானம் ஆண்மை, இது பெண்மை என்று வழிகாட்டிகள் சொல்லிக்கொடுக்கும் அழகான வாசகம் ஒன்று உண்டு. கேட்டவர்கள் தலையசைத்துவிட்டு, என்ன காரணம் என்று கேளாமல் நடந்துவிடுகிறார்கள். வரைந்தவனுக்கு அந்த உபமானம் தேவைப்படாது. அங்கே நேர்கோடு, இங்கே வளைகோடு என்ற இரண்டு சொற்களில் அவனுக்கு விஷயம் முடிந்துவிடும். அதிஷ்டானம் என்ற அடித்தளத்தில் குமுதம் என்னும் உறுப்பை ஒரு கோயிலில் உருண்டையாக வரைந்தவன், மற்றொரு கோயிலில் அது பட்டை தீர்ந்து வருவதைக் கண்டால் தானாகவே நின்றுவிடுவான். படம் பிடிப்பவரின் பார்வை தரையிலிருந்து அவ்வளவு தாழ்வான அந்த உறுப்புக்கு இறங்குவதே அபூர்வம்.

புகைப்படத்தின் ஜனன வரலாற்றையே எதிர்க்கட்சியினர் தங்கள் சாட்சியாக அழைப்பதுண்டு. 1833-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், இத்தாலியில் கோமோ ஏரிக்கரையிலுள்ள பெல்லாஜியோவில், வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் என்ற ஆங்கிலக் கனவான் காட்சிகளை வரைய முயன்று தோற்றார். அவரிடம் இருந்தது வெறும் பென்சில் அன்று. உல்லாஸ்டன் என்ற விஞ்ஞானி 1806-இல் காப்புரிமை பெற்ற காமிரா லூசிடா என்ற பட்டகக் கருவியும் கூட இருந்தது. அதன் வழியே நோக்கினால் எதிரிலுள்ள காட்சி காகிதத்தின்மேல் படிந்திருப்பதுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தின்மேல் கோடு இழுத்துக்கொண்டு போனால் போதும். அப்படியும் அவருக்கு வரவில்லை. முன்னொரு காலத்தில் தாம் உபயோகித்திருந்த இருட்டுப்பெட்டிக் கருவியின் காகிதத்தில் விழுந்த அழகிய பிம்பங்கள் அப்போது அவருக்கு நினைவு வந்தன. அவை தாமே நிலையாகப் பதிந்துவிட்டால் என்ன என்ற எண்ணமும் வந்தது. வரைய முடியாதவனுக்குக் கிடைத்த விமோசனமே புகைப்படம் என்று இந்தக் கதையைச் சொல்லி முடிக்கிறார்கள்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய நமக்கும் உரிமை உண்டு. பெல்லாஜியோவில் தோற்றது நகலெடுக்கும் முயற்சி. ஒளி ஏற்கனவே தீட்டி வைத்த வடிவத்தின்மேல் கையை இழுத்துச் செல்வதில் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுமில்லை, ஆகவே கற்றுக்கொள்ள வேண்டியதும் ஒன்றுமில்லை. அது போகட்டும். 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட ‘இயற்கையின் பென்சில்’ என்ற நூலில், ஆக்ஸ்ஃபர்டின் குவீன்ஸ் கல்லூரி வாயிலைக் காட்டும் படத்துக்கு எழுதிய குறிப்பில், புகைப்படத்தின் வசீகரங்களில் ஒன்றாக அவர் குறிப்பிடுவது என்ன? படம் எடுத்தவர் எடுக்கும் சமயத்தில் தாம் கவனிக்கவே இல்லாத பல பொருள்களை நெடுநாள் கழித்துத் தம் படத்திலேயே கண்டுபிடிப்பார் என்பதுதான். கட்டடத்தின்மேல் பொறித்த எழுத்துக்களும் ஆண்டுகளும், தொலைவில் உள்ள கடிகார முகமும் இப்படி அகப்படலாமாம். அவர் இதைப் புகழ்ச்சியாகவே எழுதினார். மெய்யாகவே அது ஒரு சக்தி. ஆனால் வாயிலின் எதிரே நின்றும் அதன்மேல் பொறித்த ஆண்டைப் பாராமல், வீடு திரும்பிப் படத்தில் அதைக் கண்டு மகிழ்வதற்காக ஒருவர் ஏன் ஆக்ஸ்ஃபர்டு வரை போக வேண்டும் என்று கேட்டால் அந்தக் கனவானிடம் விடை இருந்திருக்காது. நான் சாட்டும் குற்றத்தை, அந்தக் கலையைப் பெற்றெடுத்தவரே, அது பிறந்த சில ஆண்டுகளுக்குள் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்திருக்கிறார்.

அமெரிக்காவில் லிண்டா ஹென்கல் என்ற மனவியல் ஆராய்ச்சியாளர் 2014-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையும் என் பக்கத்துக்கே பலம் சேர்க்கிறது. அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தவர்களில், பொருள்களை முழுமையாகப் படம் பிடித்தவர்கள், பார்த்து மட்டும் வந்தவர்களைக் காட்டிலும் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள் என்று அவர் கண்டார். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் அணுகிப் படம் பிடித்தவர்களின் ஞாபகம் அப்படிக் குன்றவில்லை என்பதையும் அதே பரிசோதனை காட்டிற்று. இதை மறைத்து முன்பாதியை மட்டும் சொல்லித் திரிவது நியாயமாகாது; ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும் முயற்சியில் கவனம் விழித்துக்கொள்கிறது என்றே இதற்கு நான் பொருள் கொள்கிறேன். வரைகிறவனோ ஒவ்வொரு கோட்டிலும் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

கட்டடத்தைக் காட்டிலும் தோட்டத்தில்தான் புகைப்படத்தின் ஏழ்மை நன்றாக வெளிப்படுகிறது. தோட்டம் நின்று பார்ப்பதற்கு ஏற்பட்டதன்று, நடப்பதற்கு ஏற்பட்டது. எதற்குப்பின் எது வருகிறது என்பதே அதன் இலக்கணம். ஆக்ராவில் தாஜ்மகாலைப் படம் பிடிக்கிற லட்சோபலட்சம் பேரும் நடு அச்சில், ஒரே நீரோடையின் தலைமாட்டில், முடிந்தால் ஒரே பளிங்கு ஆசனத்தில் அமர்ந்து படம் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் படத்தில் தோட்டம் என்பது கல்லறைக்கு விரித்த கம்பளம். அதே இடத்தில் ஒருவன் காகிதத்தில் ஒரு சதுரத்தைப் போட்டு, அதை நான்காக வகுத்து, தான் நடந்த அடிகளை எண்ணி எண்ணிக் குறித்துக்கொண்டு வரட்டும். டில்லியில் ஹுமாயூன் கல்லறையை முன்பே அப்படிக் குறித்தவனாக இருந்தால், அங்கே சமாதி சதுரத்தின் நட்டநடுவில், வாய்க்கால்கள் வந்து கூடுகிற இடத்தில் நின்றது அவன் நோட்டில் இருக்கும். ஆக்ராவிலோ நடுவில் இருப்பது ஒரு தடாகம். சமாதி தோட்டத்தின் கடைக்கோடியில், யமுனைக் கரைமேல் ஒதுங்கி நிற்கிறது. காகிதத்தின் விளிம்பில் இடமில்லாமல் அவன் திண்டாடுவான். திண்டாடியவன் ஆற்றுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பான். அக்கரையில் தாஜின் அகலத்துக்கு நேராக மேதாப் பாக் என்ற மற்றொரு தோட்டம் கிடப்பதைக் காண்பான். ஆற்றையும் அக்கரைத் தோட்டத்தையும் சேர்த்து ஒரே அமைப்பாகக் கொண்டால் சமாதி கடைக்கோடியில் இல்லை, நடுவில்தான் இருக்கிறது என்று அறிஞர்கள் விளக்குவதை, ஒரு துண்டுக் காகிதம் போதாமற்போன காரணத்தால் அவன் தன் போக்கில் சென்று தொடுகிறான்.

சமாதிக்கு இருபுறமும் செந்நிறக் கட்டடங்கள் இரண்டு ஒன்றுபோல் நிற்கின்றன. மேற்கிலுள்ளது மசூதி, கிழக்கிலுள்ளது அதற்கு ஜோடியாக, சமநிலைக்காக நிறுத்தப்பட்ட ஜவாப். படத்தில் இரண்டும் ஒன்றே. வரைபடம் போடுகிறவன் உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தால், ஒன்றில் தொழுகைத் திசையைக் காட்டும் மாடம் இருக்கிறது, தரையில் தொழுகைப் பாய்களின் உருவம் பதித்திருக்கிறது. மற்றொன்றில் இவை இல்லை. பாதையின் இருமருங்கிலும் என்ன வரைவது என்ற கேள்வி அடுத்து எழும். புல்தான் இருக்கிறது, அங்கங்கே ஒழுங்காக நிறுத்திய மரங்கள். ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1789-இல் நேரில் வரைந்து 1801-இல் லண்டனில் வெளியிட்ட தாஜ்மகால் படங்கள் இரண்டில் ஒன்று, தோட்டத்துக்குள்ளிருந்து வரைந்தது. அதில் மரங்களுக்கே ஆதிக்கம். மரங்களைக் குறைத்துப் புல்தரையைப் பரப்பியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்ஸன் பிரபுவின் காலத்து ஏற்பாடு. மொகலாயத் தோட்டம் என்று பெயரிட்டு இன்று நாம் படம் பிடித்து வருவதில் பாதி, ஆங்கிலேயர் ரசனையைத்தான்.

இத்தாலியில் திவோலி நகரத்து வில்லா தெஸ்தே தோட்டத்திலும் இதே பாடம் வேறு வடிவில் கிடைக்கிறது. இப்போலித்தோ தெஸ்தே என்ற கார்டினலுக்காக 16-ஆம் நூற்றாண்டில் பிர்ரோ லிகோரியோ திட்டமிட்ட அந்தத் தோட்டத்தில், ஆற்றுநீர் மேட்டிலிருந்து இறங்கும் வேகத்தாலேயே நூற்றுக்கணக்கான ஊற்றுக்கள் பீச்சுகின்றன. ஆதியில் விருந்தினர் தோட்டத்தின் அடிவாரத்தில் புகுந்து, நீரின் வரவை எதிர்கொண்டு, மாளிகையை நோக்கி மேலேறினார்கள். இன்று நாம் மாளிகைக்குள் புகுந்து மேலிருந்து கீழே இறங்குகிறோம். கதையைக் கடைசி அத்தியாயத்திலிருந்து வாசிக்கிறோம். 1760-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே தங்கிய ஃபிராகொனார் என்ற பிரெஞ்சு ஓவியர் சிவப்புச் சுண்ணத்தால் வரைந்த சைப்ரஸ் மரச்சாலை, அடிவாரத்திலிருந்து மாளிகையை அண்ணாந்து பார்க்கிறது. நடக்க வேண்டிய திசை அந்தக் காகிதத்தில் இருக்கிறது. நுழைவுச் சீட்டில் இல்லை.

இதெல்லாம் ஓவியர்களுக்குச் சரி, எனக்கு ஒரு கோடு நேராக வராதே என்பவர்களுக்கு வருகிறேன். எழுதத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிற நாகரிக மனிதர், வரையத் தெரியாது என்பதை மட்டும் ஒரு விருதுபோல் சொல்லிக்கொள்கிறார். அவருடைய பாட்டனார் காலத்து உலகம் அப்படி எண்ணவில்லை. இங்கிலாந்தில் உல்லிச் ராணுவக் கலாசாலையில் 1768 முதல் தலைமைச் சித்திர ஆசிரியராக இருந்தவர் பால் ஸாண்ட்பி என்ற பெயர்பெற்ற ஓவியர்; அங்கே அவரிடம் கற்ற பிள்ளைகள் பீரங்கிப் படைக்கும் பொறியியல் படைக்கும் போக வேண்டியவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியாரும் அடிஸ்கோம்பில் நடத்திய தங்கள் பள்ளியில் கணிதத்தோடு கூடச் சித்திரத்தையும் கற்பித்தார்கள். இவர்களுக்குப் பிறவி ஞானம் உண்டா என்று யாரும் சோதிடம் பார்க்கவில்லை. அத்தனை தூரம் போவானேன்? வாசலில் புள்ளி வைத்து, இழை தவறாமல், நாற்புறமும் ஒத்துவரும்படி கோலமிடும் பெண்மணிகள் நம் ஊரில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அளவு, சமச்சீர், எண்ணிக்கை, இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு கை தயங்காமல் கோடு விடும் அந்த வித்தையில் தேர்ந்தவர்களே, கோயில் மண்டபத்தின் தரையமைப்பை ஒரு தாளில் போட்டுக்கொடு என்றால், எனக்குப் படம் வராது என்று பின்வாங்குகிறார்கள். இது திறமைக் குறைவு அன்று. யாரோ சொல்லிக்கொடுத்த கூச்சம்.

சில்பியின் பெயரைச் சொல்லி என்னை வாயடைக்கப் பார்க்கிறவர்களும் உண்டு. ஆனந்த விகடனில் தென்னாட்டுச் செல்வங்கள் என்ற தலைப்பில் வெளிவந்த அவருடைய கோயிற் சித்திரங்களைக் கத்தரித்துத் தைத்துப் பாதுகாத்த குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு, அதற்குப்பின் ஒரு தூணை வரையக் கை நடுங்குவது இயல்புதான். ஆனால் சில்பி வரைந்தது, அந்தக் கோயிலுக்குப் போக வாய்ப்பில்லாத பல்லாயிரம் வாசகருக்காக; பிரயாணி வரைவதோ, அங்கே போய் நின்றும் பாராமல் திரும்பிவிடுகிற தன் சொந்தக் கண்ணுக்காக. முன்னதில் படம் அழகாக இல்லாவிட்டால் காரியம் கெட்டது. பின்னதில் தூண்களின் எண்ணிக்கை தவறினால்தான் காரியம் கெடும்.

கற்றோரிடையே அண்மையில் எழுந்திருக்கும் ஓர் ஆட்சேபத்தை அலட்சியமாகத் தள்ள நான் விரும்பவில்லை. இந்தியக் கட்டடங்களை வரைந்து திரிந்த வெள்ளைக்காரர்கள், இடிபாட்டையும் ஆலமரத்தையும் கூட்டி வைத்துத் தங்கள் ஊர் ரசனைக்குத் தக்க ஒரு கனவு நாட்டைத் தயாரித்தார்கள். அந்தப் பென்சில் ஆதிக்கத்தின் ஊழியன் என்பது அந்தக் கற்றோரின் வாதம். இதில் உண்மை உண்டு. ஆனால் இந்தக் குற்றத்தைப் பென்சில்மேல் சுமத்துகிறவர்கள், 1850-களில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராகத்தான் மதுரைக்கும் தஞ்சைக்கும் வந்தார் என்பதை மறந்துவிடுகிறார்கள். காமிராவும் அதே எஜமானிடத்தில் சம்பளம் வாங்கிற்று. அந்த ட்ரைப்தான் தஞ்சை விமானத்தின் அடிவாரக் கல்வெட்டுக்களைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து ஒட்டி நீண்ட சுருளாக்கினார். அவ்விடத்தில் நான் வாயைத் திறக்க மாட்டேன். கல்வெட்டைப் பொறுத்தவரை புகைப்படமே ராஜா; எழுத்து எழுத்தாக அதைப் பென்சிலால் பெயர்க்க உட்காருகிறவனுக்கு என் அனுதாபங்கள்.

ஆதிக்கத்தின் ஊழியர்களே செய்த மற்றொரு வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிருஷ்ணைக் கரையிலுள்ள அமராவதி ஸ்தூபத்தை, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தார் புதிய நகரம் கட்டக் கல் வேண்டிப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அச்செய்தி கேட்டு அங்கே சென்ற கம்பெனி அதிகாரி காலின் மெக்கென்ஸி, 1816-ஐ ஒட்டி மறுபடியும் தம் வரைவாளர்களோடு போய், எஞ்சிய சிற்பப் பலகைகளை அளந்து வரையச் செய்தார். அவற்றில் சில பிற்பாடு லண்டனுக்குப் போயின. சில எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சில சுண்ணாம்புக் காளவாய்க்கு இரையாயின. இன்னும் சில எங்கே என்று எவருக்கும் தெரியாது. அவ்வாறு மறைந்த சிற்பங்கள் இப்போது அந்த வரைவாளர்களின் தாள்களில் மட்டுமே இருக்கின்றன. புகைப்படம் அப்போது இருந்திருந்தால் அதைக் கொண்டு எடுத்திருப்பார்களே என்பீர்கள், எடுத்திருப்பார்கள், நல்லதே. ஆனால் எந்தப் பலகை எதன்மேல் இருந்தது, அதன் நீள அகலம் என்ன, எந்தத் திசையை நோக்கிற்று என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் பழக்கம் அளவுகோலும் பென்சிலும் பிடித்த கையிலிருந்து வந்தது.

வெளியூரில் பொது இடத்தில் உட்கார்ந்து வரைவதற்குக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஜெர்மானியக் கவி கெதேயின் அனுபவம் ஆறுதல் தரலாம். 1786-ஆம் ஆண்டு செப்டம்பரில் கார்தா ஏரிக்கரையிலுள்ள மால்சேஸினே என்ற ஊரில், பாழடைந்த கோட்டைக் கோபுரத்தை அவர் வரைந்துகொண்டிருந்தபோது ஊரார் திரண்டுவிட்டனர். வெனிஸ் குடியரசின் எல்லையூர் அது. ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஒற்றன் என்று ஐயுற்று ஒருவன் தாளைப் பிடுங்கிக் கிழித்தும் விட்டான். கெதே கலங்காமல் அந்தக் கோபுரத்தில் தாம் கண்ட அழகை அவர்களுக்கே எடுத்து விளக்கத் தொடங்கினார். தினமும் அதன் காலடியில் நடமாடிய ஜனங்கள் கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தார்கள். படம் கிழிந்து போயிற்று, இருந்தும் அந்தக் காலைப்பொழுது வீணாகவில்லை. நம் ஊர்க் கோயில்களில் இப்போது கூட்டத்துக்கும் பஞ்சமில்லை, கைப்பேசிக்குத்தான் தடை. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் கோயில்கள் அனைத்திலும் அதைத் தடுக்கும்படி உத்தரவிட்டது. மதுரையில் கைப்பேசியைக் காப்பகத்தில் ஒப்படைத்துவிட்டு உள்ளே வருகிறவர்களைச் சற்றுக் கவனித்தால், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பது தெரியும். பென்சிலை இதுவரை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை.

அவகாசமில்லை என்பதே கடைசி வாதம். மற்ற வாதங்களெல்லாம் ஓய்ந்தபின் அடைக்கலம் புகும் இடமும் அதுதான். பக்தர்களை நான் இங்கே குறிப்பிடவில்லை. கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களுக்குப் போய் வருகிறவர் தரிசனத்துக்குப் போகிறார், கட்டடக் கலைக்கு அல்ல. கலையைக் காணவே போகிறோம் என்று சொல்லிக்கொண்டு, காலையில் தாராசுரம், பத்து மணிக்குக் கங்கைகொண்ட சோழபுரம், பகலுணவுக்குத் தஞ்சாவூர் என்று பட்டியலிட்டு ஓடுகிறவர்களிடம்தான் என் வழக்கு. மூன்றில் ஒன்றை விட்டுவிட்டால் மற்ற இரண்டுக்கும் பொழுது தாராளமாகக் கிடைக்கும். ஒன்றை விடவும் மனம் வராதவர்கள், ஒவ்வோரிடத்திலும் கால் மணி நேரம் ஒதுக்கித் தரையமைப்பை மட்டும் போட்டுக்கொள்ளலாம். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களை வரையப் புகுந்தால்தான் பொழுது போதாது, அது யாருக்கும் போதாது.

பள்ளிகளின் கல்விச் சுற்றுலாக்களில் இதைச் செய்து பார்க்கலாம் என்று ஆசிரியர் சிலரிடம் சொன்னதுண்டு. சுற்றுலா முடிந்ததும் பிள்ளைகள் எழுதித் தரும் கட்டுரைகள், நுழைவாயில் பலகையில் உள்ள வாசகத்தைப் பெயர்த்தெழுதியவை என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். கட்டுரைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு தாள் வரைந்து வரட்டும் என்றால், உடனே அவர்கள் கேட்பது, படம் வராத பிள்ளைக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்பதே. வடதிசை குறித்திருந்தால் இரண்டு. தளங்களின் எண்ணிக்கை சரியாக இருந்தால் மூன்று. மழைநீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று காட்டியிருந்தால் மூன்று. புரியாத இடத்தைப் புரியவில்லை என்று எழுதி வெறுமையாக விட்டிருந்தால் இரண்டு. நிழல் தீட்டியதற்கு ஒன்றும் இல்லை.